பாதிரியார் கட்டிய துணி

"குர்ஆனைக் கையால் படியெடுக்கிறீர்கள். பிழை புகுந்து மாறித்தான் போயிருக்கும்," என்றார் பழவேற்காட்டு டச்சுக் கோட்டைப் பாதிரியார் யோரிஸ். இதை நிரூபித்துவிட்டால் குர்ஆனை மறுத்து அவர் எழுதிவரும் நூல் முடிந்துவிடும்.

"நாங்க ஏட்டை நம்பி இல்லீங்க ஐயா," என்றார் ஊர்ப் பெரியவர் அசன் லெப்பை. "உஸ்தாது ஓதுவாரு, கேட்டு ஓதுவோம். தப்புனா அங்கியே திருத்துவாரு. நம்ம நெய்னாவைச் சோதிச்சிப் பாருங்க."

கருவாடு காயும் மணலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார் நெய்னா. அவர் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று பாதிரியார் துணியால் கண்ணை இறுக்கிக் கட்டினார். தம்மிடமிருந்த குர்ஆன் பிரதியிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக வரிகளைத் தொடங்கிவைத்தார். நெய்னா ஒவ்வொன்றையும் பிசகாமல் ஓதி முடித்தார்.

"வீட்டில் ஏட்டைப் பார்த்து மனப்பாடம் செய்திருப்பாய்!" என்றபடி பாதிரியார் முடிச்சை அவிழ்க்க வந்தார்.

"நான் எங்க ஐயா பாத்தேன்? பொறந்ததுலேருந்தே கண்ணு தெரியாதே. துணி மட்டும் இருக்கட்டும், ஈ மொய்க்காம சொகமா கீது."