முந்தி விழுந்த அடி

"அந்த இடத்துல மட்டும் முந்தி அடிச்சே, குச்சியைப் பிடுங்கி எறிஞ்சுடுவேன்."

"சரி மாமா" என்றார் டிரம்காரர்.

ஞாயிற்றுக்கிழமை. சலவைக் கடைக்கு விடுமுறை. தேய்த்துத் தொங்கவிட்ட சட்டைகளுக்கு நடுவே ஒத்திகை. கடை டிரம்காரருடையது. குச்சியைப் பிடுங்கப் போகிறவர் அவருடைய அக்கா புருஷன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், முன்னாள் பாடகர்.

வாலிபத்தில் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள். நாட்டுப்பாட்டு மெட்டு, கிதாரும் டிரம்மும். விற்கவில்லை. அதற்குப் பாடகரிடம் ஒரே காரணம்தான் இருந்தது.

"பாட்டோட உயிரான இடம். நான் வரியை முடிக்கறதுக்குள்ள மாப்ளை 'தொம்'முனு போட்டான். என் வார்த்தை அதுல முங்கிச்சு. அதோட நாங்களும் முங்கினோம்."

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. டிரம்காரரும் கூட உட்கார்ந்து சிரிப்பார்.

இப்போது தேடிக்கொண்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பழைய இசைத்தட்டு சேகரிக்கும் ஒரு பெண்ணும், அவளுடைய தாடிக்காரச் சிநேகிதனும். ஒரு மரச்சாமான் கடையில், ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்திருந்த தட்டை உருவி எடுத்தார்களாம். கேட்டுப் பைத்தியமாகி, தெரிந்தவர்களையெல்லாம் பைத்தியமாக்கி, மறுபதிப்பும் போட்டு, இதோ, கச்சேரிக்கு அரங்கமும் பிடித்துவிட்டார்கள்.

"சார், ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் அந்தப் பெண். "'பாலம் கடந்தேன், படகும் கடந்தேன், உன்னைக் கடக்க எனக்கில்லை ஒரு...' அப்புறம் தொம்! அங்க என்ன சார் வார்த்தை? நான் 'வழி'ங்கறேன்."

"'மனசு'" என்றான் தாடிக்காரன்.

"பாருங்க. இதுக்காகவே பேச்சுவார்த்தை இல்லாம இருந்திருக்கோம்."

பாடகர் மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டியா? உன்னால எத்தனை பேருக்குள்ள சண்டை!"

டிரம்காரர் ஒரு சட்டைக்குப் பொத்தான் போட ஆரம்பித்தார்.

"மேடையில வந்து கேளும்மா. இந்தத் தடவை முழுசா விழும் காதுல" என்றார் பாடகர்.

"இப்பவே ஒரு தடவை பாடிக் காட்டிடுங்களேன்" என்றாள் ஒத்திகை பார்க்க வந்திருந்த பாடகரின் மனைவி.

"தொண்டையைக் கண்டபடி செலவு பண்ணக் கூடாதுடி. உனக்குத் தெரியாது."

"தெரியாதா? தினமும் குளிக்கிறப்ப தாராளமாத்தானே செலவாகுது."

அவர் காதில் வாங்கவில்லை. ஒத்திகை முழுக்க, அந்த வரி வரும்போதெல்லாம் வாயை மட்டும் அசைத்தார்.

கச்சேரியன்று நிற்க இடமில்லை. எல்லாம் அவர் பிள்ளை வயதுக்காரர்கள். முதல் பாட்டிலேயே கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். தான் எழுதிய வரிகள் முன்பின் தெரியாத வாய்களிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டபோது பாடகருக்கு முழங்கால் வலி மறந்துபோயிற்று. முன்வரிசையில் மனைவி, கைக்குட்டையும் சிரிப்புமாக இருந்தாள்.

கடைசியில் அந்தப் பாட்டு வந்தது.

"பாலம் கடந்தேன்..." அரங்கமே பாடியது. "படகும் கடந்தேன்... உன்னைக் கடக்க எனக்கில்லை ஒரு..."

பாடகர் கையை உயர்த்தினார். அத்தனை பேரும் அடங்கினார்கள். டிரம்காரர் சொன்ன சொல் தவறாமல், குச்சியை மடியில் வைத்துக் காத்திருந்தார்.

பாடகர் வாயைத் திறந்தார்.

வார்த்தை வரவில்லை.

மறந்துவிட்டதா என்று தேடினார். மறப்பதற்கு முதலில் ஒன்று இருந்திருக்க வேண்டுமே. அந்தக் குறுகலான ஒலிப்பதிவு அறை கண்முன் வந்தது. 'கடைசி வார்த்தை மட்டும் இன்னும் அமையல. பாடறப்ப தானா வரும், பாரு மாப்ளே' என்று சொல்லிவிட்டுத் தொடங்கியது. இன்னொரு தடவை பதிவு செய்யக் கையில் காசில்லை. ஒலிநாடா சுற்ற, வாய் இப்படியே திறந்தபடி நின்றது.

தொம்!

அரங்கம் துள்ளி எழுந்தது. "வழியும் இல்ல, மனசும் இல்லடா!" என்று கத்தி, அந்தப் பெண் தாடிக்காரனைக் கட்டிக்கொண்டு குதித்தாள். முன்வரிசைக் கைக்குட்டை மேலே பறந்தது.

அடி முந்தி விழவில்லை. ஒலிப்பதிவு செய்த அன்றைக்கும் முந்தி விழவில்லை.

பாடகர் மிச்சப் பாட்டைச் சிரித்துக்கொண்டே பாடி முடித்தார். "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கூரை அதிர்ந்தது. டிரம்காரர் கும்பிடுவதற்காக எழுந்தபோது, ஒரு குச்சி கையிலிருந்து நழுவி மேடையில் உருண்டது.

பாடகர் குனிந்து அதை எடுத்தார். தன் புதுச் சட்டையில் துடைத்து, மைத்துனர் கையில் கொடுத்தார்.