உம்

“அப்பா, சாமி எப்பவாவது நம்மகிட்ட வந்திருக்காரா?” என்று மகள் சின்ன வயதில் கேட்டபோது, லாரி ஓட்டுநர் சிரித்து மழுப்பிவிட்டார். ஓய்வு பெற்றபின், தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தபோதுதான் பதில் கிடைத்தது.

இப்போது அவர் மருத்துவமனையில், கண்மூடிக் கிடந்த மூதாட்டியின் உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தார்.

“மகன் வந்துக்கிட்டே இருக்காராம், அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியலை,” என்றாள் நர்ஸ். “நீங்க அக்கா அக்கான்னு உருகுறீங்க! சின்ன வயசுல தம்பியை நல்லா மொத்துவாங்களோ?”

“தெரியாது சிஸ்டர். முன்னாடி ஒரே ஒரு தடவைதான் இவங்களைப் பார்த்திருக்கேன்.”

நர்ஸ் விழித்தாள்.

“எங்கம்மா போனப்புறம் நான் வந்து சேர்ந்த அன்னிக்கு, இதே வார்டைப் பெருக்கிக்கிட்டு இருந்தாங்க. அம்மா கடைசியா என்னைக் கூப்பிட்டப்போ நான் எங்கேயோ லாரியில. இவங்கதான் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, எனக்குப் பதிலா ‘உம்’னு சொன்னாங்களாம். அம்மா நிம்மதியாப் போயிட்டாங்க. இப்பதான் இவங்களைத் தேடிக் கண்டுபிடிச்சேன்.”

நர்ஸ் வெளியே போனாள். மூதாட்டியின் கை போர்வைமேல் எதையோ துழாவியது.

“ராசா... வந்துட்டியா?”

அவர் வாசலைப் பார்த்தார். யாருமில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உம். வந்துட்டேம்மா.”