நல்ல துப்பாக்கி

கடற்கரையில் பலூன் சுடும் கடை வைத்திருக்கும் ரோசலினுக்கு மனிதர்கள் அத்துப்படி. மனைவியைப் பக்கத்தில் நிறுத்திச் சுடுகிறவர் காற்றைத் திட்டுவார். மீசைக்காரர் ஒரு கண்ணை மூடப்போய் இரண்டையும் மூடிக்கொள்வார். கடைசியில் எல்லாரும் துப்பாக்கியைத்தான் குறை சொல்வார்கள். அதன் குறிமுனையைத் தட்டிக் கோணலாக்கி வைத்திருப்பவளே அவள்தான்.

இந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரர் மட்டும் நான்கு நாளாகத் தினமும் பத்துக் குண்டையும் கோட்டைவிட்டுவிட்டு, "நல்ல துப்பாக்கிக்கா" என்று சொல்லிப் போகிறார். மஃப்டி போலீஸோ? அவர் போனதும் பலகையைத் தடவிப் பார்த்தாள். இரண்டு பலூன்களுக்கு நடுவே, ஒரே துளைக்குள் நாற்பது குண்டும் அடைந்து கிடந்தன.

மறுநாள் அந்தத் துளைமேல் ஒரு சிவப்புப் பலூனைக் கட்டினாள். அவர் குறிபார்த்தார். துப்பாக்கியை மெல்ல இறக்கினார்.

"அத அவுத்துருங்கக்கா. வெடிச்சத்தம் எனக்கு ஆகாது."