ஜன்னலை அடைத்த சுவர்

மாடி ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல் சுவர் நின்றது.

வீட்டை வரைந்த கட்டடக் கலைஞன் அனீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைரவான் நகரத்தில் அவன் வரைந்து கொடுத்த வீடுகளில் அவனுக்குப் பேர் வாங்கித் தந்ததே இந்த ஜன்னல்தான். அதைப் படம் பிடிக்கத் தலைநகர் தூனிஸிலிருந்து பத்திரிகைக்காரி ஒருத்தியைக் கூட்டி வந்திருந்தான். அவள் காமிரா எடுக்கக் காருக்குப் போயிருந்தாள்.

"என்ன ஹாதி இது? வீட்டுக்குள்ள வானத்தையே கொண்டாந்து வச்சேன். சமாதி கட்டிட்டீங்களே."

வீட்டுக்காரர் ஹாதி, வெயில் தாங்கவில்லை, புழுதி அடிக்கிறது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. வெளிச்சத்தில் வாழத் தெரியாதவர்களுக்கு வீடு வரைந்தது தன் தப்புதான் என்று பொரிந்து தள்ளினான் அனீஸ்.

சுவரின் உச்சியில் ஒரு சாண் கண்ணாடி மிச்சமிருந்தது. அதுவாவது உருப்படியாக இருக்கிறதா பார்ப்போம் என்று நாற்காலியைப் போட்டு ஏறினான்.

நேர் கீழே பக்கத்து வீட்டு முற்றம். மாமியாரும் மருமகள்களும் மிளகாய் கோத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இறங்குங்க தம்பி," என்றாள் ஹாதியின் மனைவி மப்ரூகா. "அவங்க தலையில துணியில்ல."

இறங்கினான். "அவங்கதான் அடைக்கச் சொன்னாங்களா?"

"சொல்லியிருந்தா ஒரு திரையோட விட்டிருப்போம். ஒரு வார்த்தை கேக்கல. முற்றத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. அந்த வீட்டுல வெயில் விழுற இடம் அது ஒண்ணுதான். சுவர் எழும்பின பிறகுதான் திரும்ப வெளிய வந்தாங்க."

அந்தப் பெண்கள் மனம் சங்கடப்படக் கூடாதென்று, ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் வெயிலையும் புழுதியையும்தான் காரணம் சொல்லி வந்தார்களாம்.

வரைபடத்தில் அந்த முற்றத்தை வெறும் வெள்ளைக் கட்டமாக விட்டது அனீஸுக்கு ஞாபகம் வந்தது.

பத்திரிகைக்காரி காமிராவோடு மேலே வந்தாள். சுவரைப் பார்த்துத் திகைத்தாள்.

"பக்கத்து வீட்டுப் பெண்கள் முற்றத்துல கூச்சமில்லாம புழங்கணும்ல, அதுக்குத்தான்," என்றான் அனீஸ்.

"அட, எவ்வளவு நல்ல மனசு. யாருக்குத் தோணுச்சு இது?"

"எனக்குத்தான்." வாய் முந்திக்கொண்டது.

ஹாதி நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வந்தவர் கையில் தேநீர்த் தட்டைத் திணித்தாள் மப்ரூகா.

"ஆமாம்மா, தம்பி சொல்லித்தான் கட்டினோம்," என்றாள்.

அனீஸ் நின்ற பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.