ஒரே பாஸ்வேர்டு

அது அவளுடைய பிடரி.

கம்ப்யூட்டர் திரையில் இருந்த படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தன் பிடரியை யார் பார்த்திருக்கிறார்கள்? துப்பட்டாவில் குத்தியிருந்த பச்சை ஊக்குதான் காட்டிக்கொடுத்தது.

பலகை அருகே கதிரேசன் சார் கிளவுடு பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மேகமெல்லாம் ஒன்றுமில்லை, எங்கோ இருக்கிற அடுத்தவன் கம்ப்யூட்டர்தான் என்றார். தோசைதான் உதாரணம். இடமும் அடுப்பும் வாடகைக்கு வாங்கி, மாவை நாமே அரைத்தால் உள்கட்டமைப்புச் சேவை. மாவும் அவர்களே தந்து, நாம் ஊற்றிக்கொண்டால் தளச் சேவை. சுட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தால் மென்பொருள் சேவை. நமக்குத் தின்பது மட்டும்தான் வேலை.

வகுப்பு சிரித்தது. நன்றாக நடத்துவார்.

பயிற்சிக்கு இருபது பேருக்கும் சேர்த்து ஒரே கிளவுடு கணக்கு. அவர்தான் தன் போனில் திறந்து, பாஸ்வேர்டைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார். அந்தப் போன் எடுக்கும் படமெல்லாம் தானாக இதில் வந்து சேரும் என்று அவருக்குத் தோன்றவில்லை போல.

அடுத்த படம். குனிந்த ஒரு முதுகு. பக்கத்து இருக்கை ஹபீபா.

அடுத்தது.

அடுத்தது.

ஏழு பெண்கள். நாற்பத்து மூன்று படங்கள்.

 

நேற்று இந்த மவுஸின் மேல், அவள் கையின் மேல், அவர் கை வைத்து நகர்த்திக் காட்டியிருந்தார். கையை எடுத்தாள். சுடிதாரில் துடைத்தாள். துடைத்த இடமும் அருவருப்பாக இருந்தது.

மூன்று மாதமாக இந்த வகுப்பில் அவள் வாய் திறந்ததில்லை. சந்தேகம் கேட்கக்கூட. ஆனால் படங்கள் இங்கே வந்திருப்பது அவர் கண்ணில் பட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். அப்புறம் சொன்னால் யார் நம்புவார்கள்?

பொது, தனியார், இரண்டும் கலந்தது. கிளவுடின் மூன்று வகைகளையும் எழுதிவிட்டு அவர் திரும்பினார். ஒரு கோப்பைத் திறந்து காட்ட ஆள் வேண்டுமாம். பார்வை வரிசை வரிசையாக வந்து அவள்மேல் நின்றது.

"பயப்படாம வாம்மா. தப்பாப் போனா நான் பாத்துக்கறேன்."

மற்ற ஆறு பேரைக் கேட்காமல் காட்ட அவளுக்கு மனமில்லை. தன் படம் ஒன்றை மட்டும் பயிற்சிக் கோப்புறைக்கு நகர்த்தினாள்.

பிறகு எழுந்தாள்.

புரொஜக்டர் கம்ப்யூட்டரில் அதே பாஸ்வேர்டு. அதே கோப்புறை. ஒருமுறை தவறாக அழுத்தி, மறுபடி அழுத்தினாள்.

திரை நிறைய அவள் பிடரி. ஓரத்தில் விவரம். இன்று காலை 10.42. கதிரேசன் போன்.

அவர் திரைக்கு முதுகு காட்டி, வகுப்பைப் பார்த்து நின்றார்.

"என்ன தெரியுது? சொல்லுங்க."



முதலில் ஹபீபாவின் நாற்காலி பின்னால் நகர்ந்தது; அவள் எழுந்து நின்றாள்.