முதல் அலசு

ஆறு டிஸ்கஸ் மீன்களும் தொட்டியின் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு, தண்ணீருக்கு மேலே வாயை நீட்டி நீட்டி மூச்சுக்குத் தவித்தன.

முந்தாநாள் சாயங்காலம் விட்டபோது செக்கச்செவேலென்று இருந்தவை. அந்தச் சிவப்பை, சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்த நாற்பது வருடத்தில் ஒரு லாட் துணியில்கூட நான் பிடித்ததில்லை. பிடித்திருந்தால் முதலாளி எனக்குச் சிலை வைத்திருப்பார்.

இப்போது ஆறும் தீய்ந்த அடை மாதிரிக் கருத்துக்கொண்டு வந்தன.

தண்ணீரைச் சொம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், காற்றாவது கலக்கட்டும் என்று. இன்னொரு கையில் தெர்மாமீட்டர். இருபத்தொன்பது டிகிரி. பி.எச். பேப்பரை முக்கினால் ஆறரை. உப்பு மீட்டரை விட்டால் எண்பது. எங்கள் போர் தண்ணீரில் விட்டால் அந்த மீட்டர் மூவாயிரம் காட்டிவிட்டு மயக்கம் போட்டு விழும். அதனால் மீனுக்குக் கேன் தண்ணீர், எனக்குப் போர் தண்ணீர். என் தலைமுடி போன கதை இதுதான்.

எதிலும் ஒரு புள்ளி பிசகில்லை. ஆனாலும் சாகின்றன.

இது மூன்றாவது லாட். முன்பு இரண்டு தடவை, தடவைக்கு நான்கு மீன்கள். இதேபோல மூன்றாம் நாள்தான் மல்லாந்தன.

முதல் தடவை குற்றவாளியை நானே கண்டுபிடித்தேன். என் மனைவி சுப்புலட்சுமியின் தாளிப்பு. அவள் எண்ணெயில் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டால் பெருமாநல்லூர் பஸ் டிரைவர் தும்முவார். மீன் தாங்குமா? அடுப்பைத் தூக்கிக் கொல்லைப்பக்கத் தகரக் கொட்டகைக்கு அனுப்பினேன். இரண்டாவது தடவை ஊதுபத்தி. அதற்கும் தடை. எங்கள் வீட்டு முருகன் புகையைப் பார்த்து இரண்டு மாதமாகிறது.

"இந்த ஆறும் போச்சுன்னா தொட்டீல மண்ணக் கொட்டித் தண்டங்கீர போட்டுருவனுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள். செய்வாள். விதை வாங்கியாகிவிட்டது.

ஆறில் சின்னது ஒருக்களித்துச் சாய்ந்தது.

ரிட்டயர் ஆன பிறகு காலையில் எழுந்து நான் போய் நிற்கிற ஒரே இடம் இந்தத் தொட்டி. இதுவும் கீரைப்பாத்தியாகிவிட்டால் நான் எங்கே போய் நிற்பது?

மீன்கடை பிரதீப்புக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டுக் கத்தினேன். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"மாஸ்டருங்களே, ஃபில்டர் பஞ்சக் கழுவுனீங்களா?"

"சேச்சே, தொட்டதே இல்லப்பா."

சன்னலுக்கு வெளியே, தகரக் கொட்டகைக் கொடியில், என் பனியன்களுக்கு நடுவே மூன்று பஞ்சுகள் கிளிப் மாட்டித் தொங்கின. பிளீச் போட்டுக் கொதிக்கவைத்து, சோப்பில் மூன்று அலசு. மல்லிகைப்பூ தோற்கிற வெள்ளை.

ஒவ்வொரு தடவையும் மீன் விடும் முன், துளி தீனி மட்டும் போட்டு, வெறும் தொட்டியில் ஃபில்டரை ஒரு மாதம் ஓடவிடச் சொல்லியிருந்தான். ஓடவிட்டேன். பஞ்சில் பழுப்பாகச் சேறு பிடித்தது. அடுத்த லாட் இறங்கும் முன் மெஷினைக் கழுவாத மாஸ்டர் உலகத்தில் உண்டா? மூன்று தடவையும், மீன் வருவதற்கு முதல் நாள், தொட்டியைத் தேய்த்து, புதுப் பஞ்சு போட்டு, கல்யாண வீடு மாதிரி வைத்தேன்.

"கழுவலீன்னா இப்படி ஆகாதுங்களே" என்றான் பிரதீப். "மீனோட கழிவு தண்ணீல வெசமாகுமுங்க. அதத் திங்கற கிருமி அந்தப் பஞ்சுச் சேத்துலதானுங்க இருக்கும். அதுக்குத்தானுங்க ஒரு மாசம் ஓடவுடச் சொன்னது."

சொம்பு என் கையில் அப்படியே நின்றது.

எட்டு மீன்கள்.

வாசல்படியில் சுப்புலட்சுமி, கையில் கரண்டியோடு. எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கொடியில் தொங்குவதைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள்.

"பாதித் தண்ணிய மாத்துங்க. அந்தச் சேறு எங்கியாச்சும் கெடச்சா ஊத்துங்க" என்றது போன்.

சேற்றுக்கு எங்கே போவேன்? மூன்று நாளாக விடாத தூறல், கொல்லையெல்லாம் சேறு. எனக்கு வேண்டிய சேற்றை மட்டும் நானே பிழிந்து வெளியேற்றியிருந்தேன். சின்ன மீன் வாயசைப்பதையும் நிறுத்தியிருந்தது.

கொட்டகைப் பக்கம் ஏதோ இழுபடும் சத்தம். சுப்புலட்சுமி ஒரு வாளியைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தாள்.

"ஏனுங்க, பிளீச்சுக்கு முந்தி வெறுந்தண்ணீல பிழிஞ்சீங்கல்ல, அந்த மொத அலசு. கருவேப்பிலைக்கு ஊத்தலாம்னு வெச்சிருந்தனுங்க. மழையில மறந்தே போச்சு."

போனில் பிரதீப் இருமினான். இருமல் இல்லை அது.

கேன் கேனாகப் பாதித் தண்ணீரை மாற்றினேன். பிறகு வாளிச் சேற்றைச் சொம்பில் மொண்டேன். நாற்பது வருடம், ஒரு துளி கறைக்காக ஆட்களை ஊரே கேட்கத் திட்டியவன், என் கையாலேயே அந்தக் கசண்டைத் தெளிந்த தண்ணீரில் ஊற்றினேன். தொட்டி டீக்கடை அண்டா மாதிரி ஆனது.

அந்தக் கலங்கலுக்குள் சின்னது மெல்ல நிமிர்ந்தது. ஒரு சாண் கீழே இறங்கியது.

வீட்டுக்குள், பழைய சமையல் மேடையில், அடுப்பை டங்கென்று இறக்கிவைக்கும் சத்தம்.

எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. வரமிளகாய் விழுந்தது, ஒன்றல்ல, ஒரு கைப்பிடி.

வந்த தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்கிவிட்டு, அடுத்த சொம்பை ஊற்றினேன்.

பின்னாலேயே ஊதுபத்தியும் மணத்தது.