பெக்கர்ஜா லாடாங்

கையெழுத்துப் போடும் முன் எதையும் ஒரு தடவை படித்துப் பார்ப்பது ரீட்டாவின் வழக்கம்.

மகள் கரேன் நீட்டியது வத்தானியாவில் சேரும் விண்ணப்பப் பாரம். எஸ்.பி.எம். பரீட்சை முடித்த பிள்ளைகள் சனி, ஞாயிறு மட்டும் போய்ப் பயிற்சி எடுக்கும் பகுதிநேரப் பட்டாளம் அது.

பகுதிநேரமோ முழுநேரமோ, பட்டாளம் பட்டாளம்தான். மகள் பச்சைச் சட்டை போடப்போகிறாள் என்று ரீட்டா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கோயிலில் சொன்னாள். ரிங்லெட் டவுன் மீன்கடையில் சொன்னாள். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். இருபத்தாறு வருடம் தேயிலைக் கொழுந்து வெட்டியவளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறென்ன இருக்கிறது?

வாரநாளில் காலேஜ், வாரக்கடைசியில் பட்டாளம். அப்படித்தான் ரீட்டா மகளுக்குக் கணக்குப் போட்டிருந்தாள்.

அந்தக் காலேஜ் முடியும்வரை தன் முழங்கால் தாங்க வேண்டும். இனி மேடு ஏறவே கூடாது என்று கிளினிக்கில் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. ரீட்டா யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலைக்கு ஆள் போகாத வீட்டைத் தோட்ட நிர்வாகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். மகள் படித்து முடிக்கட்டும், அப்புறம் இந்தக் கால் எக்கேடு கெட்டாலும் சரி.

மலாயை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ‘பெக்கர்ஜா லாடாங்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் கூட்ட வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளி. கிளினிக் அட்டையிலும் பள்ளிக்கூடப் பாரத்திலும் அவள் பெயருக்கு நேரே எப்போதும் இருப்பது அதுதான்.

இந்தப் பாரத்தில் அது கரேன் பெயருக்குக் கீழே இருந்தது.

“என் வேலைய ஒன் கட்டத்துல எழுதி வச்சிருக்க பாரு. இவ்ளோ அவசரம் எதுக்கு லா? போய் வேற பாரம் வாங்கிட்டு வா.”

கரேன் பாரத்தைத் திரும்ப வாங்கவில்லை. அம்மாவின் வீங்கிய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா எழுதலம்மா. திங்கக்கெழமலேர்ந்து ஒன் எடத்துக்கு நான் வர்றேன்னு தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிட்டேன். வாரநாள்ல வேல, அதுக்குத்தான் சனி ஞாயிறு பட்டாளம்.”

ரீட்டாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான், திங்கட்கிழமை மேடு ஏற வேண்டாம் என்று.

அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.